பொத்தானை அழுத்தியதையும் சேர்த்து எழுது

தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு வாசகி எழுதிய கடிதம் இது. நீளமான கடிதம் என்பதால் முக்கியமான பகுதியை மட்டும் தருகிறேன். அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை எடுத்துவிட்டேன்.

"மேடம், எனக்கு 24 வயது. இரண்டு வருடமாக கேபின் க்ரூவாக வேலை செய்கிறேன். அப்பா காசிமேட்டில் விசைப்படகில் போகிறவர். 19 நாளைக்கு முன்னால் ஒரு மாலை விமானம். 180 சீட், நாங்கள் நான்கு பேர், நான் பின்பக்கம். சாப்பாடு கொடுத்து முடிக்கும் நேரத்தில் ஓவன் தானாக நின்றது. அதற்கு மேலே இருக்கும், கோளாறு வந்தால் மின்சாரத்தைத் தானாக வெட்டும் சர்க்யூட் பிரேக்கர் பொத்தான் வெளியே வந்திருந்தது. லேசாக ஒயர் கருகும் வாடை. கூட இருந்த சீனியர் 'உள்ளே தள்ளிவிடு, ஒன்றும் ஆகாது' என்றார். தள்ளினேன். இரண்டு நிமிஷத்தில் வாடை அதிகமானது. பயந்துபோய்ப் பொத்தானை இழுத்து, ஓவனையும் அணைத்துவிட்டேன். கேப்டனிடம் சொல்லலாம் என்றேன். 'இறங்க ஆரம்பித்தாச்சு, இப்போது காக்பிட்டைக் கூப்பிடக்கூடாது. உள்ளே குழம்பு சிந்தியிருக்கும்' என்றார். முன்னால் இருந்த லீடிடமும் (எங்கள் கேபின் குழுவின் தலைவர்) சொல்லவில்லை. தரையிறங்கிய பிறகு லாக் புக்கில் எழுதவும் விடவில்லை. அடுத்த பயணத்துக்கு 35 நிமிஷம்தான் இருந்தது. 'எழுதினால் விமானம் நின்றுவிடும், உன்னால்தான் டிலே என்று வரும்' என்றார். அந்த விமானம் இன்னும் பறந்துகொண்டுதான் இருக்கிறது. எனக்குத் தூக்கம் வரவில்லை. இப்போது எழுதினால் ஏன் இவ்வளவு நாள் சும்மா இருந்தாய் என்று கேட்பார்களா? வேலை போகுமா? நான் பொத்தானை அழுத்தியதை மட்டும் விட்டுவிட்டு எழுதலாமா? அகமதாபாத் விபத்துக்குப் பிறகு அம்மா வேலையை விட்டுவிடு என்கிறார். எங்கள் பக்கத்தில் வாடை என்றால் குழந்தைகூடக் கண்டுபிடித்துவிடும். அது குழம்பு வாடை இல்லை அக்கா."

அன்புள்ள தங்கைக்கு,

"மேடம்" என்று தொடங்கிக் கடைசி வரியில் "அக்கா" என்று மாறிவிட்டாய். அக்கா என்றே வைத்துக்கொள். நானும் ராயபுரம் கல்மண்டபத்துப் பக்கம் வளர்ந்தவள். 17 ஆண்டுகள் கேபினில் பறந்தேன். அதன் பிறகு உன் வயதுப் பிள்ளைகளுக்கு அவசரகாலப் பயிற்சி கொடுத்து வருகிறேன்.

நேரான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். தாமதமாகிவிடவில்லை. அறிக்கை எழுத வேண்டும், நாளைக்குள் எழுத வேண்டும். பொத்தானை அழுத்தியதையும் சேர்த்துத்தான் எழுத வேண்டும்.

உன் கடிதத்தில் எஞ்சினியருக்கு மிகவும் தேவையான வரி எது தெரியுமா? "தள்ளினேன், இரண்டு நிமிஷத்தில் வாடை அதிகமானது" என்பதுதான். குழம்பு சிந்தித் தீய்ந்தால் வாடை வரும், அது நாம் அடிக்கடி பார்ப்பது. ஆனால் குழம்பு தீய்ந்ததால் மட்டும் பிரேக்கர் வெளியே குதிக்காது. மின்சாரப் பக்கத்தில் ஏதோ நடந்திருக்க வேண்டும். மறுபடி மின்சாரம் கொடுத்ததும் வாடை கூடியது என்றால் சந்தேகம் இன்னும் வலுக்கிறது. அந்த வரியை நீ மறைத்துவிட்டு "ஓவனில் வாடை வந்தது" என்று மட்டும் எழுதினால், எஞ்சினியர் ஓவன் கதவைத் திறந்து பார்ப்பார், துடைத்துவிடச் சொல்வார், கையெழுத்துப் போடுவார். அந்த வரி இருந்தால் ஓவனை வெளியே இழுத்துப் பின்னால் இருக்கும் இணைப்பையும் ஒயரையும் மோட்டாரையும் பார்ப்பார். உன்னைக் காப்பாற்றிக்கொள்ள நீ விட நினைக்கிற வரிதான் அந்த விமானத்தில் நாளைக்கு ஏறப்போகிறவர்களுக்கு வேண்டிய வரி.

பொத்தானை அழுத்தியது தவறுதான். அதை நான் மழுப்ப மாட்டேன். பயிற்சியில் உனக்கும் சொல்லியிருப்பார்கள்: பறக்கும்போது வெளியே வந்த பிரேக்கரைக் கேப்டன் சொல்லாமல் தொடக்கூடாது. கை ஏன் போனது என்பது எனக்குப் புரிகிறது. கோடையில் ஏ.சி., மோட்டார், கிரைண்டர் எல்லாம் ஒன்றாக ஓடி டிரிப்பர் விழுந்தால், நம் வீடுகளில் ஸ்டூல் போட்டு ஏறித் தூக்கிவிடுவோம். மறுபடி விழுந்தால் மறுபடி தூக்குவோம். சின்ன வயதிலிருந்து கைக்குப் பழகிப்போன காரியம். பக்கத்தில் சீனியர் வேறு நின்று தள்ளு என்கிறார். ஆனால் விமானத்தில் அந்த ஒயர் நம் கண்ணுக்குத் தெரியாத பலகைக்குப் பின்னால், மற்ற ஒயர்க்கட்டுகளோடும் காப்புப் பஞ்சோடும் சேர்ந்து போகிறது. ஏதோ சூடாகிறது என்று பிரேக்கர் சொல்கிறது. அதைத் தள்ளுவது அந்தச் சூட்டுக்கு மறுபடி தீனி போடுவது.

1983 ஜூன் 2 அன்று ஏர் கனடா 797 என்ற விமானத்தில் நடந்ததை என் வகுப்பில் ஒவ்வொரு முறையும் சொல்வேன். பின்பக்கக் கழிப்பறையின் ஃப்ளஷ் மோட்டாருக்கான மூன்று பிரேக்கர்கள் காக்பிட்டில் வெளியே வந்தன. கேப்டன் அவற்றைத் தள்ளிப் பார்த்தார், நிற்கவில்லை. சில நிமிடம் விட்டு மறுபடி தள்ளிப் பார்த்தார். பின்னாலேயே இருந்த ஒரு பயணிதான் ஏதோ வாடை வருகிறது என்று முதலில் சொன்னார். கழிப்பறைக் கதவைத் திறந்தால் புகை. அதன் பிறகு முன்னால் போன தகவல்கள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை, புகை குறைகிறது என்ற பொருளிலும் செய்தி போனது. சின்சினாட்டியில் தரையிறங்கிக் கதவுகளைத் திறந்த ஒன்றரை நிமிடத்துக்குள் உள்ளே முழுவதும் தீ பரவிவிட்டது. இருந்த 46 பேரில் 23 பேர் இறந்தார்கள். தீ எங்கே தொடங்கியது என்று விசாரணையால் கடைசிவரை உறுதியாகச் சொல்ல முடியவில்லை. மோட்டார்தான் காரணம் என்று நானும் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பொத்தான்களும் அந்த வாடையும் கொடுத்த நேரம் எவ்வளவு, அதில் எவ்வளவு கையில் தங்கியது என்று யோசித்துப் பார். 1998 செப்டம்பரில் சுவிஸ்ஏர் 111 விமானத்தில் விமானிகள் முதல் வாடையை உணர்ந்ததிலிருந்து விமானம் கடலில் விழும்வரை சுமார் 20 நிமிடம்தான். முதலில் அவர்கள் அதை ஏ.சி. பக்கத்து வாடை என்று நினைத்தார்கள். இருந்த 229 பேரும் இறந்தார்கள்.

உன்னைப் பயமுறுத்த இதை எழுதவில்லை. அன்றைக்கு நீ பயந்துபோய்ப் பொத்தானை வெளியே இழுத்தாயே, ஓவனை அணைத்தாயே, அது சரியான காரியம் என்று சொல்லத்தான். ஓவன் கதவைத் திறக்காமல் மின்சாரத்தை வெட்டுவதுதான் முதல் வேலை. அதோடு கையில் எடுத்துக்கொள்ள வேண்டியவை ஹேலான் தீயணைப்பானும் புகை முகமூடியும். அந்த முகமூடி ஏறத்தாழ 15 நிமிடம் மூச்சுக்குத் தாங்கும். அப்புறம் வேலையைப் பிரித்துக்கொள்ள வேண்டும். தீயோடு ஒருவர், இன்டர்காமில் ஒருவர், பொருள் எடுத்துக் கொடுக்கவும் பயணிகளை நகர்த்தவும் ஒருவர். உங்களிடம் விடுபட்டது அந்த இரண்டாவது ஆள்.

இப்போது சீனியர் சொன்ன காரணத்துக்கு வருகிறேன். இது நிறையப் பேருக்கு இருக்கும் தவறான புரிதல். 10,000 அடிக்குக் கீழே காக்பிட்டைத் தொந்தரவு செய்யக்கூடாது என்ற விதி உண்மை. ஏறும்போதும் இறங்கும்போதும் விமானிகளின் கவனம் சிதறக்கூடாது என்பதற்காக வந்தது. காபி வேண்டுமா, வீல்சேர் எத்தனை, அடுத்த பயணத்துக்கு எத்தனை பயணிகள் என்ற பேச்செல்லாம் அப்போது வேண்டாம் என்பதுதான் அதன் பொருள். தீ, புகை, கருகல் வாடை, வழக்கமில்லாத சத்தம், இறக்கையில் ஏதாவது கண்ணில் படுவது, இவற்றுக்கு அந்த விதி பொருந்தாது. இவற்றை எந்த உயரத்திலும் சொல்லலாம், சொல்லியாக வேண்டும். இறங்கும்போது சொல்வதுதான் இன்னும் முக்கியம் என்பேன். பிரச்சினை தெரிந்தால் கேப்டன் வரிசையில் முன்னால் இறங்கக் கேட்பார், ஓடுபாதை அருகே தீயணைப்பு வண்டியை நிற்கச் சொல்வார். தெரியாவிட்டால் அவர் எதைக் கேட்பார்?

1989-இல் இரண்டு மாத இடைவெளியில் இரண்டு விபத்துகள். ஜனவரி 8, இங்கிலாந்தில் கெக்வொர்த். இடது என்ஜினில் கோளாறு, விமானிகள் வலது என்ஜினை நிறுத்திவிட்டார்கள். வலது என்ஜினில் பிரச்சினை என்று கேப்டன் அறிவிக்கவும் செய்தார். இடப்பக்கம் தீப்பொறியைக் கண்ணால் பார்த்த பயணிகள் இருந்தார்கள், கேபின் பணியாளர்களும் இருந்தார்கள். அந்தச் செய்தி காக்பிட்டுக்குப் போகவே இல்லை. 126 பேரில் 47 பேர் இறந்தார்கள். மார்ச் 10, கனடாவில் டிரைடன். இறக்கையில் பனி படிந்திருந்ததை ஒரு கேபின் பணிப்பெண் பார்த்தார். விமானிகளிடம் சொல்லத் தயங்கினார். 69 பேரில் 24 பேர் இறந்தார்கள், அவர் பிழைத்தார். விசாரணையில் உட்கார்ந்து அந்தத் தயக்கத்தைப் பற்றி அவர் பேச வேண்டியிருந்தது. இன்று நமக்கு விமானிகளோடு சேர்த்துப் பயிற்சி கொடுக்கிறார்கள் என்றால், இப்படிப்பட்ட விசாரணைகளுக்கு அதில் பெரிய பங்கு உண்டு.

எதிர்ப்பக்கத்து உதாரணமும் ஒன்று சொல்கிறேன். 2024 ஜனவரி 2, டோக்கியோ ஹனேடா. ஓடுபாதையில் இன்னொரு விமானத்தோடு மோதித் தீப்பிடித்த ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானத்தில் அறிவிப்பு ஒலிபெருக்கியும் இன்டர்காமும் வேலை செய்யவில்லை. கேபின் பணியாளர்கள் கையொலிபெருக்கியில் கத்தினார்கள், தொண்டையால் கத்தினார்கள். பின்பக்கத்தில் இருந்தவர்களால் காக்பிட்டைப் பிடிக்க முடியவில்லை. வெளியே தீ இல்லை என்று பார்த்து, தாங்களே முடிவெடுத்து ஒரு கதவைத் திறந்தார்கள். அந்த விமானத்திலிருந்த 379 பேரும் வெளியே வந்தார்கள். உன்னிடம் அன்று இன்டர்காம் நன்றாக வேலை செய்துகொண்டிருந்தது.

"எழுதினால் விமானம் நின்றுவிடும்" என்பதும் பெரும்பாலும் சரியல்ல. எந்தெந்தப் பொருள் வேலை செய்யாத நிலையில் விமானம் பறக்கலாம், எதற்கு என்ன நிபந்தனை, எத்தனை நாளில் சரிசெய்ய வேண்டும் என்று ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒப்புதல் பெற்ற பட்டியல் இருக்கிறது. எம்.இ.எல். என்று கேள்விப்பட்டிருப்பாய். ஓவன் போன்ற பொருளை எஞ்சினியர் வந்து மின்சாரத்தைத் துண்டித்து, பிரேக்கரில் பூட்டு மாட்டி, "வேலை செய்யாது" என்று ஒட்டிவிட்டால், வேறு சேதம் இல்லாதவரை விமானம் போகும். பின்பக்கத்தில் சிலருக்குச் சூடான சாப்பாடு கிடைக்காது, அவ்வளவுதான். விமானம் நின்றே தீர வேண்டும் என்று எஞ்சினியர் முடிவு செய்தால், அது நிற்க வேண்டிய விமானம். அந்த முடிவு உன் தலையில் வராது, உன் சீனியர் தலையிலும் வராது.

வாடையைப் பற்றி நீ எழுதிய வரியைப் படித்துவிட்டுச் சற்று நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் எண்ணூரில் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தபோது பெரியகுப்பம், சின்னக்குப்பம் மக்கள் கண் எரிந்து, மூச்சுத் திணறி, கைக்குழந்தைகளோடு தெருவுக்கு வந்தார்கள். காற்றில் எத்தனை அளவு என்று கருவி சொல்லும்வரை அவர்கள் காத்திருக்கவில்லை. மணலிப் பக்கத்துக் காற்றில் வளர்ந்தவர்களுக்கு எது வழக்கமான வாடை, எது புது வாடை என்று மூக்கே சொல்லிவிடும். அந்த மூக்கை நம்பு. விமானத்தில் வாடையைக் கண்டுபிடிக்கும் கருவி உன் உணவறையில் கிடையாது, நீதான் இருக்கிறாய். என்ன காரணம் என்று கண்டுபிடிப்பது உன் பொறுப்பில்லை. மூக்குக்கு என்ன தெரிந்தது என்று அப்படியே சொன்னால் போதும்.

அடுத்த முறை எப்படிச் சொல்வது? சீனியரிடம் முதலில் சாதாரணமாகச் சொல். மறுத்தால், "எனக்கு இது கவலையாக இருக்கிறது" என்று சொல். அதற்கும் அசையவில்லை என்றால், "இது பாதுகாப்பு விஷயம், கேப்டனுக்குத் தெரிய வேண்டும், நீங்கள் கூப்பிடுகிறீர்களா, நான் கூப்பிடட்டுமா?" என்று கேள். மரியாதை குறையாமல் சொல்லலாம், குரல் உயர வேண்டியதில்லை. அதற்கும் வேண்டாம் என்றால் நீயே இன்டர்காமை எடு. லீடைக் கூப்பிடு, தேவைப்பட்டால் நேராகக் காக்பிட்டைக் கூப்பிடு. எந்தக் கேபின் பணியாளருக்கும் அந்த உரிமை உண்டு. எடுத்ததும் பதற்றத்தில் கதை சொல்லத் தொடங்காதே. இப்படிச் சொல்: "கேப்டன், பின்பக்க உணவறை. ஓவன் பிரேக்கர் வெளியே வந்திருக்கிறது. மின்சாரம் கருகும் வாடை, மூன்று நிமிஷமாக. புகை, தீ தெரியவில்லை. ஓவனை அணைத்துவிட்டோம். தீயணைப்பானோடு ஒருவர் நிற்கிறார்." இதைச் சொல்ல 15 விநாடி போதும். நீ ஆங்கிலத்தில்தான் சொல்வாய், இந்த வரிசை மட்டும் மாறாமல் இருக்கட்டும். வீட்டில் கண்ணாடி முன்னால் நின்று நாலு தடவை சத்தமாகச் சொல்லிப் பார். வாய்க்குப் பழகாத வாக்கியம் அவசரத்தில் வராது.

உன் அப்பாவிடம் கேட்டுப் பார். நடுக்கடலில் என்ஜின் சத்தம் மாறினால், வலை இழுக்கிற புதுப் பையன் காதில் அது முதலில் விழுந்தால், அவன் டிரைவரிடம் சொல்லாமல் இருப்பானா?

சரி, அறிக்கை. உன் நிறுவனத்தின் பாதுகாப்புப் பிரிவுக்குப் போகும் அறிக்கைப் படிவம் உன் டேப்லெட்டிலோ பணியாளர் தளத்திலோ இருக்கும். தேதி, விமான எண், வி.டி. என்று தொடங்கும் விமானப் பதிவெண், ஏறத்தாழ எத்தனை மணி, எந்த உணவறை, எந்த ஓவன், முதலில் என்ன கவனித்தாய், யார் என்ன சொன்னார்கள், நீ என்ன செய்தாய், அதன் பிறகு என்ன ஆனது. நடந்த வரிசையில் எழுது. "அவர் அலட்சியமானவர்", "எப்போதும் இப்படித்தான்" என்றெல்லாம் சீனியரைப் பற்றி எழுதாதே. அவர் சொன்ன வார்த்தைகளை மட்டும் எழுது. 19 நாள் ஏன் எழுதவில்லை என்பதற்கும் ஒரு வரி: "டிலேக்கு நான் காரணமாவேன் என்று சொல்லப்பட்டதால் தயங்கினேன்." அது உண்மை, அந்த உண்மையும் நிறுவனத்துக்குத் தேவை. படிவத்தில் காலக்கெடு தாண்டிவிட்டது என்று காட்டினாலும் அனுப்பு. பதிவெண் முதல் வரியில் இருக்கட்டும். அந்த விமானத்தை உடனே பார்க்க அவர்களுக்கு அதுதான் வேண்டும். நகல் ஒன்றை வைத்துக்கொள். வாட்ஸ்அப் குழுவில் போடாதே, யாருக்கும் ஃபார்வர்டு செய்யாதே.

விமானத்துக்குள் புகை, கருகல் வாடை என்பது நிறுவனம் விமானப் பாதுகாப்பைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான டி.ஜி.சி.ஏ.-வுக்குத் தெரிவிக்க வேண்டிய வகையைச் சேர்ந்தது. ஆகவே இது உனக்கும் சீனியருக்கும் இடையிலான சண்டையாக நிற்காது. உள்ளே யாரும் காதுகொடுக்கவில்லை என்றால், டி.ஜி.சி.ஏ.-விலேயே தாமாக முன்வந்து தெரிவிப்பதற்கான முறை ஒன்று இருக்கிறது. தெரிவித்தவரின் பெயரை வெளியே விடாமல் வைத்துக்கொள்வது அதன் அடிப்படை. முதலில் நிறுவனத்துக்குள் முயன்று பார்.

வேலை போகுமா என்று கேட்டாய். தானாக வந்து சொன்ன தவறையும் வேண்டுமென்றே செய்த மீறலையும் பிரித்துப் பார்க்க வேண்டும் என்பது இன்று இந்தத் துறை ஏற்றுக்கொண்ட நெறி. பயிற்சியில் ஜஸ்ட் கல்ச்சர் என்று சொல்லியிருப்பார்கள். உன் விஷயத்தில் மறுபயிற்சிக்கு அனுப்பலாம், விளக்கம் கேட்கலாம். அவ்வளவோடு முடியும் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் எல்லா இடத்திலும் எல்லா மேலாளரும் அந்த நெறிப்படி நடக்கிறார்கள் என்று உனக்கு வாக்குக் கொடுக்க என்னால் முடியாது. சிலர் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். சில வாரம் ரோஸ்டரில் (பணி அட்டவணையில்) வசதியில்லாத நேரங்கள் விழலாம். அது வலிக்கும். அப்படி நடந்தால் தேதி போட்டுக் குறித்துவை.

என் கதை ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பறக்க வந்த மூன்றாவது வருடம். கதவோரம் நாம் உட்காரும் ஜம்ப் சீட், எழுந்ததும் தானாக மடங்கி மேலே போக வேண்டும். அன்று அது பாதியில் நின்றது. கையால் தூக்கினால் போனது. மடங்காத சீட் அவசரக் கதவு வழியை அடைக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் அது அன்றைய கடைசிப் பயணம், இரவு ஒரு மணி, காலெல்லாம் வலி. எழுதவில்லை. மறுநாள் அதே விமானத்தில் வந்த பெண் எழுதினாள். "நேற்று வேலை செய்ததா?" என்று எஞ்சினியர் விசாரித்தபோது நான் தெரியாது என்று சொல்லிவிட்டேன். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்தத் "தெரியாது" பல வருடம் என்னோடு வந்தது. உன் 19 நாள் தூக்கமின்மை எனக்குப் புரிவது அதனால்தான்.

அம்மா சொல்வதைப் பற்றி. 2025 ஜூன் 12-இல் அகமதாபாத்தில் விமானத்திலிருந்த 242 பேரில் ஒருவர்தான் பிழைத்தார். இறந்தவர்களில் உன்னைப் போன்ற கேபின் பணியாளர்கள் 10 பேர். எந்த அம்மாவுக்கும் பயம் வரும், அதை வாதாடி ஜெயிக்க முயலாதே. வேலையை விடுவதா இல்லையா என்பதை இந்த அறிக்கை அனுப்பி ஒரு மாதம் கழித்து யோசி. இப்போது தூக்கமில்லாமல் இருக்கிறாய். தூக்கம் இல்லாமலேயே டூட்டிக்குப் போகிற நிலை இருந்தால், நிறுவன மருத்துவரிடம் சொல்லி இரண்டு நாள் ஓய்வு கேள். களைப்போடு பறப்பதும் தெரிவிக்க வேண்டிய விஷயம்தான்.

எழுதி முடித்ததும் அறிக்கையை எனக்கு அனுப்ப வேண்டாம். அது உன் நிறுவனத்துக்குள் போக வேண்டிய காகிதம். அனுப்பியதும் ஒரு பதிவு எண் வரும். வந்துவிட்டது என்று மட்டும் எனக்கு ஒரு வரி எழுது.

அன்புடன்,
உன் அக்கா